நீடாமங்கலத்து அறுபத்தொரு வரிகள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் யாரையும் மதிக்காது. கலெக்டர் கார் வந்தாலும் சரி, கல்யாண மாப்பிள்ளை கார் வந்தாலும் சரி, மூடினால் மூடியதுதான். அந்தத் தை மாதக் காலையில், எட்டே காலுக்கு, அது வானதியின் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது. பத்து மணிக்கு அவள் தஞ்சாவூரில் இருந்தாக வேண்டும். பஸ் டிரைவரோ இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். அவர் பேப்பரை விரித்தால் அரைமணிக்குக் குறையாது என்று அந்தத் தடத்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணே, எனக்கு இன்டர்வியூ இருக்குண்ணே” என்றாள் வானதி.

“எனக்கும்தாம்மா தஞ்சாவூர்ல டிபன் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், பஸ்ஸத் தூக்கிக்கிட்டா போவ முடியும்?” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

வானதிக்கு இருபத்திமூன்று வயது. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்து எட்டு மாதம் ஆகிறது. இது நான்காவது இன்டர்வியூ. முதல் மூன்றின் கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முதலாவதில், “ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்?” என்று கேட்டார்கள். “அதை எப்படி சார் இப்பவே சொல்றது?” என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்க்காமல் அடுத்த போகத்தைப் பற்றியே பேசாத வீட்டுப் பெண் வேறு என்ன சொல்வாள்? இரண்டாவதில், “உங்கள் குறை ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார்கள். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஏழு சொன்னாள். மூன்றாவது வீடியோவில் நடந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் அம்மா கமலாம்பாள் மோர்ச் சொம்போடு குறுக்கே வந்து, திரையில் தெரிந்த மூன்று பேரையும் பார்த்து, “சாப்புட்டீங்களாப்பா எல்லாரும்?” என்று விசாரித்துவிட்டுப் போனாள். அந்தக் கம்பெனியிலிருந்து இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

இந்த நான்காவது ஒரு பெரிய பேங்க். நாடு முழுக்கக் கிளை உண்டு. தஞ்சாவூர் மண்டல அலுவலகத்துக்கு இரண்டு அனலிஸ்ட் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மலையாய்க் கிடக்கும் எண்களைக் கிளறிப் பார்த்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்த ஊரில் கொடுத்தால் திரும்பி வரும் என்று சொல்கிற வேலை. வானதிக்கு அந்த வேலை என்றால் உயிர். எக்ஸெல் திரையில் எண்கள் வரிசையாக வந்து நின்றால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது. ஆனால் அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இதுவும் கைவிட்டுப் போனால், அடுத்த திங்கட்கிழமை முதல் மாமாவின் உரக்கடையில் பில் போட உட்கார வேண்டும். மாமா அதற்காக ஒரு நாற்காலிகூட வாங்கி வைத்துவிட்டார்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மூன்று மாதம் முன்பு அவளுடைய அப்பா துரைராசு இதே பேங்கின் கிளையில்தான் பயிர்க்கடனுக்கு மனுக் கொடுத்தார். ‘மாசூல் போதாது’ என்று எழுதி மனுவைத் திருப்பிவிட்டார்கள். கடன் கிடைக்காததில் துரைராசுவுக்கு அவ்வளவு வருத்தமில்லை. வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். மாசூல் போதாது என்றார்களே, அதுதான் தாங்கவில்லை. “என் வயலுக்கா மாசூல் பத்தாது? எவன்டா சொன்னது?” என்று கடைத்தெருவில் நின்று கத்தினார். பத்து நாள் அவர் பக்கம் யாரும் போக முடியவில்லை. மகளுக்கு அதே பேங்கிலிருந்து அழைப்பு வந்தபோது கமலாம்பாள் பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னாள். துரைராசு மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“போவட்டும். போயி வேலைய வாங்கட்டும். உள்ள பூந்து, அப்படி எழுதுன ஆளு யாருன்னு பாத்துட்டு வரட்டும்” என்றார்.

கேட்டருகே வெகுநேரம் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த சரக்கு இன்ஜின் ஒருவழியாக நகர்ந்தது. வானதி அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தாள். நடந்தே தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் உறுமிக்கொண்டு நின்ற தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினாள். படிக்கட்டில் தொங்கியபடிதான் பயணம். இருபுறமும் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. சில வயல்களில் அறுவடை மிஷின் ஓடியது. எப்படியோ ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், இன்டர்வியூ நடக்கும் ஹோட்டலின் மாடியில் போய் நின்றாள். தலையெல்லாம் கலைந்து, துப்பட்டாவில் பஸ் கம்பியின் கறை ஒட்டியிருந்தது.

இருபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி, கறுப்புக் கோட்டு போட்டு, நெற்றியில் சின்னதாகப் பொட்டு வைத்து, படு ஜோராக உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹம்சத்வனி. பெயரைச் சொல்லிவிட்டு, “கேலி பண்ணாதே, அப்பா பாட்டு வாத்தியார்” என்று அவளே சொல்லிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் இருவரும் வாடி போடி என்று பேசத் தொடங்கி, பழைய இன்டர்வியூ கதைகள்வரை சொல்லிக்கொண்டுவிட்டார்கள். பரீட்சைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அதற்குமேல் நேரம் தேவைப்படாது.

பத்து மணிக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு கோப்பு. டெல்டாவின் ஐந்து வட்டங்களிலிருந்து வந்த நானூறு பயிர்க்கடன் மனுக்கள். பெயர் கிடையாது, முகவரி கிடையாது. நிலம் எத்தனை ஏக்கர், போன போகத்தில் எத்தனை மூட்டை, அறுவடை மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, மனு வாங்கிய ஆளின் எண் என்று பன்னிரண்டு பத்திகள். எல்லாம் நிஜமான மனுக்கள் என்று சொன்னார்கள். கேள்வியும் ஒன்றுதான்: ஐந்து வட்டத்தில் எதில் கடனைக் குறைக்க வேண்டும்? ஏன்? ஒன்றரை மணி நேரம்.

வானதிக்குக் கை பரபரத்தது. மூட்டையை ஏக்கரால் வகுத்தாள். வட்டவாரியாகச் சராசரி போட்டாள். நான்கு வட்டங்களில் ஏக்கருக்கு முப்பத்துநான்கு, முப்பத்தைந்து மூட்டை என்று ஒழுங்காக வந்தது. ஒரே ஒரு வட்டம் மட்டும் பத்தொன்பதில் விழுந்து கிடந்தது. அது நீடாமங்கலம்.

அவளுக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. நம்ம ஊரா? வரிகளைத் திறந்து பார்த்தாள். நீடாமங்கலத்துக்கு மொத்தம் தொண்ணூறு வரி. அதில் அறுபத்தொரு வரிகளில் ஏக்கருக்குப் பதினொன்று, பன்னிரண்டு மூட்டைதான். அப்பா கடைத்தெருவில் நின்று கத்தியது நினைவுக்கு வந்தது. ‘அப்பா கோபப்பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், எண் பொய் சொல்லுமா?’ என்று நினைத்தாள். வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சொந்த ஊர் என்று பார்க்காமல் உள்ளதைச் சொல்கிறோமே, அதுதானே அனலிஸ்ட் வேலை! அழகாக ஒரு வரைபடம் போட்டு, ‘நீடாமங்கலம் வட்டம், மாசூல் மிகக் குறைவு, கடனைக் குறைக்கலாம்’ என்று எழுதிப் பதினொன்றேகாலுக்கே அனுப்பிவிட்டாள். அனுப்பியதைத் திருத்த முடியாது என்று திரையில் வந்தது. திருத்த என்ன இருக்கிறது என்று அவளும் மூடிவிட்டாள்.

பன்னிரண்டரைக்குப் பட்டியல் ஒட்டினார்கள். ஆறு பேர். முதல் பெயர் ஹம்சத்வனி, நான்காவது வானதி.

“ஏய்! நீ என்ன எழுதினே?” என்று ஹம்சத்வனி அவள் கையைப் பிடித்துக் குதித்தாள்.

“நீடாமங்கலம்.”

“நானும் அதான்! அப்போ அதான் கரெக்ட்டு!”

சாப்பாடு ஹோட்டலிலேயே. வானதிக்குச் சோற்றில் கவனமே இல்லை, அவ்வளவு சந்தோஷம். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசிச் சுற்று. அப்போது போன் அடித்தது. துரைராசு. பின்னால் மிஷின் சத்தம் காதைப் பிளந்தது.

“என்னம்மா, முடிஞ்சுதா?”

“இல்லப்பா, கடைசி ரவுண்டுக்கு எடுத்திருக்காங்க! ஆறு பேருல நானும் ஒருத்தி. நீங்க எங்க இருக்கீங்க?”

“வயல்ல. அரசப்பன் அறுவடை மிஷினோட திடுதிப்புன்னு வந்து நின்னுட்டான். நாளைக்குன்னு சொன்னவன் இன்னிக்கே வந்துட்டான். சரி, வந்தவன விடக்கூடாதுன்னு எறக்கிட்டேன். இத கேளு, இத கேளு, மேலண்ட வயலு முடிஞ்சிது, மாவுக்குப் பன்னெண்டு மூட்ட! பன்னெண்டு! அந்தப் பேங்க்காரன இங்க கூட்டிட்டு வந்து களத்துல நிறுத்தணும்” என்று துரைராசு கத்தினார்.

“பன்னெண்டா?” என்றாள் வானதி.

“பன்னெண்டும்மா! காதுல விழுவலயா? மாவுக்குப் பன்னெண்டு!”

வானதியின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

டெல்டாவில் நிலத்தை மாக் கணக்கில்தான் சொல்வார்கள். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. ‘எவ்வளவு நிலம்?’ என்று கேட்டால் துரைராசு ‘ஒன்பது மா’ என்பார். சில சமயம் அவசரத்தில் வெறும் ‘ஒன்பது’ என்பார். ஏக்கர் என்ற சொல்லே அந்த வீட்டில் பத்திரம் பதிகிற அன்றைக்குத்தான் வெளியே வரும். வானதி பிறந்ததிலிருந்து மாவில் கேட்டு, கல்லூரிக்குப் போனதிலிருந்து ஏக்கரில் எழுதி வந்தவள். இரண்டும் அவள் தலைக்குள் இருந்தன. ஆனால் ஒருநாளும் நேருக்கு நேர் சந்தித்ததில்லை. இன்றைக்குச் சந்தித்துக்கொண்டன.

பதினொன்று, பன்னிரண்டு. அறுபத்தொரு வரிகளிலும் அதே எண்! ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை விளைந்தால் அந்த ஊரே வாயைப் பிளந்துகொண்டு அழுதிருக்கும். மாவுக்குப் பன்னிரண்டு விளைந்தால் அது ஏக்கருக்கு முப்பத்தாறு. விவசாயிகள் மாவில் சொன்னதை யாரோ ஏக்கர் என்ற பத்தியில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். விளைச்சல் குறையவில்லை, நிலம்தான் காகிதத்தில் மூன்று மடங்காக ஊதியிருக்கிறது. ‘மாசூல் போதாது’ என்று அப்பாவின் மனு திரும்பியதும் இதனால்தான். அதையேதான் அவளும் சற்று முன் வரைபடம் போட்டு, பெருமையாக, தன் பெயரோடு எழுதி அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

“ஐயோ!” என்றாள் வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னம்மா ஆச்சு?” என்றது போன்.

“ஒண்ணுமில்லப்பா. அப்பறம் பேசறேன். நீங்க மூட்டைய மட்டும் எண்ணுங்க.”

ஹம்சத்வனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

“வானதி, உனக்கென்ன பைத்தியமா? ஆறு பேரையும் எதுக்கு எடுத்திருக்கா? நீடாமங்கலம்னு எழுதினதுக்குத்தான். நீ உள்ளே போய், நான் எழுதினது தப்புன்னு சொன்னா, சரிம்மா போய்ட்டு வான்னு அனுப்பிடுவா. ஏற்கெனவே ஏழு குறை சொன்னவ நீ. எட்டாவதா இதையும் சொல்லப் போறியா?”

“தப்புன்னு தெரிஞ்சப்பறம் எப்படிடி?”

“மொதல்ல வேலைக்குச் சேரு. அப்புறம் திருத்திக்கோ.”

அது ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. உண்மையைச் சொன்னால் வானதிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. உரக்கடையின் புது நாற்காலி கண் முன்னால் வந்தது.

ஹம்சத்வனி இரண்டு மணிக்கு உள்ளே போனாள். இருபது நிமிஷத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். “நீடாமங்கலம் அனாலிசிஸ் பிரமாதம்னு சொன்னா! அதையே சொல்லு, ஒண்ணும் மாத்தாதே, உன் கால்ல வேணா விழறேன்” என்று காதில் கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

வானதியைக் கூப்பிட்டபோது மூன்று மணி. அறைக்குள் இருவர். நடுவில் அனுராதா மேடம், நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார், மண்டலத்துக்கே தலைவர். பக்கத்தில் ராகவேந்திரா, சென்னைத் தலைமை அலுவலகத்து ஆள், நாற்பது வயது, சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிற முகம். எல்லாம் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தது.

“உங்கள் பதில்தான் இருப்பதிலேயே சுத்தமாக இருந்தது” என்றார் அனுராதா. “நீடாமங்கலத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்கிறீர்கள்! எப்படி என்று சொல்லுங்கள்.”

இப்படிப் பாராட்டினால் மனுஷி என்ன செய்வாள்? ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, அந்தப் பாராட்டை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. அப்பா களத்தில் நின்று ‘பன்னெண்டும்மா!’ என்று கத்திய குரல் இன்னும் காதில் இருந்தது.

“மேடம், என் பதில் தப்பு” என்றாள்.

ராகவேந்திராவின் பேனா நின்றது. “என்ன தப்பு?”

“முழுசுமே தப்பு சார். நீடாமங்கலத்துல மாசூல் குறையல. நான் அவசரப்பட்டுட்டேன்.”

பதற்றத்தில் இங்கிலீஷ் எங்கோ ஓடிவிட்டது. தமிழில்தான் கொட்டினாள். மா என்றால் என்ன, ஏக்கர் என்றால் என்ன, பன்னிரண்டு எப்படி முப்பத்தாறு ஆகும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

“மான்னு கேள்விப்பட்டிருக்கேன். மூணு மா ஒரு ஏக்கரா?” என்றார் அனுராதா. அவரும் தமிழுக்கு வந்துவிட்டார்.

ராகவேந்திரா விடுகிற ஆளாக இல்லை. “கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க ஊர். ஊருக்காகப் பேசறீங்கன்னு நான் சொன்னா? நிஜமாவே விளைச்சல் கம்மியா இருக்கலாமே. டேட்டால காட்டுங்க. இல்லேன்னா இது வெறும் கதை.”

சரியான கேள்வி. வானதிக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது. இத்தனை நாள் இன்டர்வியூவில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கண்ணை மூடி அந்தப் பன்னிரண்டு பத்திகளையும் நினைவில் ஓட்டிப் பார்த்தாள். ஏக்கரை நம்பியிராத ஒரு பத்தி வேண்டும். யாரும் கையால் ஊதிப் பெருக்க முடியாத ஒரு எண் வேண்டும். அரசப்பனின் மிஷின் சத்தம் மறுபடி காதில் ஓடியது.

“மிஷின் மணி!” என்று கத்தியே விட்டாள். “சார், அறுவடை மிஷின் ஓடின மணின்னு ஒரு பத்தி இருக்கு. அது பில்லப் பாத்து எழுதறது. ஈர வயல்ல பெல்ட்டு மிஷின் ஒரு ஏக்கர் அறுக்க ஒரு மணி, ஒண்ணேகால் மணி ஆவும். மிஷினுக்கு மாவும் தெரியாது, ஏக்கரும் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். மணிய ஏக்கரால வகுத்துப் பாருங்க. நான் சொல்றது நிஜம்னா, மத்த ஊர்ல எல்லாம் ஒண்ணு, ஒண்ணேகால்னு வரும். அந்த அறுபத்தொண்ணுல மட்டும் அதுல மூணுல ஒரு பங்குதான் வரும்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா நான் கௌம்பறேன் சார். எங்க மாமா உரக்கடையில நாற்காலி ரெடியா இருக்கு.”

அனுராதா சிரித்துவிட்டார். ராகவேந்திரா சிரிக்கவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். காலையில் அந்தப் பத்தியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. வகுத்தல் கணக்கைப் போட்டுக் கீழ்வரை இழுத்துவிட்டாள்.

மற்ற நான்கு வட்டங்கள் முதலில் வந்தன. 1.1, 1.2, 1.2, 1.1. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். நீடாமங்கலத்தின் அந்த அறுபத்தொரு வரிகளுக்கு வந்தாள். 0.4. அடுத்தது 0.4. அடுத்தது 0.4. 0.3. 0.4.

“இருபது ஏக்கர்னு போட்டிருக்கே, இந்த வரிய பாருங்க” என்று வானதி விரலை வைத்தாள். “மிஷின் எட்டு மணி நேரந்தான் ஓடியிருக்கு. இருபது ஏக்கர எட்டு மணி நேரத்துல அறுக்கற மிஷின் இன்னும் வரல சார். இது இருபது மா. ஒரு வேலி நெலம்!”

“இருங்க, இருங்க” என்றார் ராகவேந்திரா. அவர் குரலும் மாறிவிட்டது. “எல்லா ஊர்லயும் மான்னுதானே சொல்வாங்க? இங்க மட்டும் ஏன் தப்பாச்சு?”

“தெரியல சார். மனு வாங்கின ஆளோட எண் இருக்குல்ல, அதப் போட்டுப் பாக்கலாமா?”

போட்டார்கள். மிஷின் மணி குறைந்த வரிகள் அத்தனையும் ஒரே எண்ணின் கீழ் வந்து வரிசையாக நின்றன. யாரோ ஒரே ஒருத்தர். வெளியூரிலிருந்து வந்து, ‘எவ்வளவு?’ என்று கேட்டு, ‘ஒன்பது’ என்று காதில் விழுந்ததை நல்ல கையெழுத்தில் ஒன்பது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர்மேல் என்ன குற்றம் சொல்வது? சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை, எழுதியவரும் பொய் எழுதவில்லை.

“அறுபத்தொண்ணும் பொருந்துதா?” என்று கேட்டார் அனுராதா.

வானதி எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள். “இல்ல மேடம். அம்பத்தெட்டுதான். இந்த மூணுலயும் மிஷின் மணி சரியா இருக்கு. ஏக்கரும் நெஜம். அவங்களுக்கு உண்மையாவே விளையல. தண்ணி நின்னிருக்கும், இல்ல எலி வெட்டியிருக்கும். அத நான் மறைக்க முடியாது.”

ராகவேந்திரா நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு வருஷமா இந்த வட்டத்துக்குக் கடனைக் குறைச்சுக்கிட்டே வர்றோம் மேடம்” என்றார் தாழ்ந்த குரலில். அனுராதா லேப்டாப்பை மூடினார். வானதியிடம், “நீங்க போங்கம்மா. சாயங்காலம் போன் பண்றோம்” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் போன் பண்றோம் என்பதற்கு இன்டர்வியூ உலகத்தில் என்ன அர்த்தம் என்று வானதிக்கு நன்றாகத் தெரியும். மூன்று முறை கேட்டவள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, அந்த 0.4 வரிசையாக வந்து விழுந்த நிமிஷம் இருக்கிறதே, அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. ஒரு கிளாஸ் கரும்புச் சாறு வாங்கிக் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள்.

ஐந்தரை மணிக்கு பஸ் நீடாமங்கலம் வந்தது. சொல்ல வேண்டுமா? கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கம் நான்கு பஸ், இரண்டு நெல் லாரி, எண்ண முடியாத பைக்குகள். அந்தப் பக்கம் அதே கூட்டம். கேட்டுக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில், டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சட்டையெல்லாம் வைக்கோல் தூசியோடு துரைராசு நின்றிருந்தார். மகளைக் கூட்டிப்போக வந்தவர். வானதி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட் கம்பி வரை ஓடினாள். அவர் கையை விரித்து, ‘என்னாச்சு?’ என்று சைகை காட்டினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் போன் அடித்தது. புது எண்.

“வானதியா? அனுராதா பேசறேன்.”

சரியாக அந்த நிமிஷம் சரக்கு ரயில் வந்து சேர்ந்தது. தடதடவென்று ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, இன்னொரு பெட்டி. அப்பா மறைந்தார், தெரிந்தார், மறைந்தார். வானதி ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை மறு காதில் அழுத்தினாள்.

“மேடம், ரயில் போவுது மேடம், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!”

“திங்கட்கிழமை வேலைக்குச் சேரணும்னு சொன்னேன்!” என்று மண்டலத் தலைவர் கத்தினார். “ரெண்டு இடத்துல ஒண்ணு உங்களுக்கு. ராகவேந்திராதான் அடிச்சுப் பேசினார். முதல் வேலை என்னன்னு கேக்கறீங்களா?”

“கேக்கறேன் மேடம்!”

“அந்த அம்பத்தெட்டு வரியையும் நீங்களே உங்க கையால திருத்தணும். இந்தக் கணக்க வச்சுத் திருப்பி அனுப்பின மனுவையெல்லாம் மறுபடி எடுக்கறோம்.”

வானதி போட்ட கூச்சலில் லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன ஏது என்று தெரியாமலே பக்கத்தில் பைக்கில் இருந்த ஒருவர் ஹாரன் அடித்தார். காலையில் பேப்பர் படித்த அதே டிரைவர் அடுத்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, “என்னம்மா, கெடச்சிருச்சா?” என்றார். “கெடச்சிருச்சுண்ணே!” என்று அவள் கத்த, அவரும் ஒரு நீள ஹாரன் அடித்தார். ரயில் பெட்டிகளுக்கு நடுவே தெரிந்த துரைராசு, எதற்கு இத்தனை ஹாரன் என்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். வானதி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அடுத்த பெட்டி மறைத்தது. அது விலகியபோது அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி நின்றார். அதற்கடுத்த பெட்டி விலகியபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேட் தூக்கினார்கள். முதல் ஆளாக ஓடியது வானதி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், மாவையும் ஏக்கரையும், மிஷின் மணியையும், திங்கட்கிழமையையும். சுற்றி ஹாரன்கள் அலறின. வழியை விடுங்கய்யா என்று யாரோ திட்டினார்கள். துரைராசு நகரவில்லை.

“அப்ப நம்ம மனு?”

“அதுவும் அந்த அம்பத்தெட்டுல இருக்கும்ப்பா. இருந்தா நான்தான் திருத்துவேன். ஒன்பதுங்கறத அழிச்சுட்டு மூணுன்னு போடணும்.”

துரைராசு அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நெல் லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே நின்றுகொண்டு, கேட்டே அதிரும்படி சிரித்தார்.

“கேட்டீங்களாய்யா, எம் பொண்ணுக்குப் பேங்க்ல வேல கெடச்சிருச்சு!” என்று திட்டியவர்களைப் பார்த்தே கத்தினார். “போன மொத நாளே அப்பன் நெலத்துல ஆறக் காணும்! ஒம்பதுல மூணுதான் மிச்சம்! ஆனா மாசூல் பத்தாதுன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது!”